அழுத்தம் இறங்கியும் பார்வை ஏன் போகிறது?

வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் இந்தக் கேள்வி ஒருநாள் கட்டாயம் எழுந்திருக்கும். ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து போடுகிறார்கள். சொன்ன தேதிக்குப் பரிசோதனைக்குப் போகிறார்கள். ‘பிரஷர் நல்லா இறங்கியிருக்கு’ என்று டாக்டரும் சொல்கிறார். ஆனால் அடுத்து எடுத்த பார்வைப்புலச் சோதனைத் தாளில் கறுப்புத் திட்டு இன்னும் கொஞ்சம் பரவியிருக்கிறது. மருந்தும் போட்டாயிற்று, அழுத்தமும் இறங்கியாயிற்று, பிறகும் ஏன்?

இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள். கண் அழுத்தம் சாதாரண எல்லையைத் தாண்டி 26, 27 என்று இருக்கும். வருடக்கணக்கில் பார்த்தாலும் நரம்பில் பழுது தெரியாது. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, முடிவை 2002இல் வெளியிட்டார்கள். மருந்தே போடாதவர்களிலும் 9.5 சதவீதத்தினருக்குத்தான் கிளாக்கோமா வந்தது. மருந்து போட்டவர்களில் அது 4.4 சதவீதம். மருந்து பாதிக்கு மேல் ஆபத்தைக் குறைத்தது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம். கூடவே, மருந்தில்லாமலும் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள் என்பதையும்.

அழுத்தமானி காட்டாத ஏதோ ஒன்று கண்ணுக்குள் நடக்கிறது. அதைத் தேடும் முயற்சிகளில் ஒன்றைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்: கண்ணுக்குள் ஊறும் நீரில் ஒரு துளி எடுத்து, நரம்பைப் பேணும் புரதம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது.

அழுத்தம் எவ்வளவு தூரம் குற்றவாளி?

கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அது ஏறினால் பார்வை நரம்பு நசியும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் ஜப்பானின் தஜிமி நகரில் 2000–2001இல் நடந்த கணக்கெடுப்பு மருத்துவர்களை யோசிக்க வைத்தது. அங்கே திறந்த கோணக் கிளாக்கோமா (கண்ணின் வடிகால் கோணம் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் 92 சதவீதத்தினரின் அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்குள்ளேயே அவர்களுடைய நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

சுவீடனில் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 255 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே சிகிச்சை தொடங்கினார்கள். மற்றவர்களைக் கண்காணித்தபடி காத்திருந்தார்கள். சுமார் ஆறு ஆண்டுகளில் சிகிச்சை பெறாதவர்களில் 62 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது. சிகிச்சை பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு. சொட்டு மருந்து பலரைக் காப்பாற்றுகிறது, ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அந்த 45 சதவீதத்தினருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

காலமும் நம் பக்கம் இல்லை. பார்வைப்புலச் சோதனையில் முதல் திட்டு தெரியும்போதே விழித்திரையின் நரம்புச் செல்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போயிருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதத்தினருக்குத் தங்களுக்கு அப்படியொரு நோய் இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரப்பார்வை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

செத்துப்போகும் செல் எது?

விழித்திரையின் உள்பக்கத்தில் கேங்லியான் செல்கள் என்று ஒரு வகை நரம்புச் செல்கள் பரவியிருக்கின்றன. ஒரு கண்ணில் பத்துப் பன்னிரண்டு லட்சம். கண் பார்த்ததை மூளைக்குச் சொல்வது இவைதான். ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய நீண்ட இழை ஒன்று புறப்படுகிறது. இதை நரம்பிழை என்று அழைப்போம். எல்லா இழைகளும் கண்ணின் பின்புறத்தில் ஓரிடத்தில் கூடி, துளைகள் நிறைந்த ஒரு தட்டின் வழியே வெளியேறி, பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன. அந்தத் தட்டுக்குச் சல்லடைத் தட்டு என்றே பெயர்.

கண்ணில் அழுத்தம் ஏறும்போது இந்தத் தட்டு பின்னோக்கி வளைகிறது. துளைகள் கோணுகின்றன, உள்ளே ஓடும் இழைகள் நெரிபடுகின்றன. 1974இல் ஆண்டர்சன், ஹென்ட்ரிக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளின் கண்ணில் கதிரியக்க அடையாளமிட்ட ஒரு பொருளைச் செலுத்தி, அது நரம்பிழை வழியாக எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்தார்கள். அழுத்தத்தை ஏற்றியதும் அது சல்லடைத் தட்டருகே தேங்கி நின்றது. நரம்பிழை வெறும் மின்கம்பி இல்லை, அதற்குள் சரக்குப் போக்குவரத்தும் இருக்கிறது, அழுத்தம் அதை மறிக்கிறது என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது.

போக்குவரத்து இரு திசையிலும் உண்டு. செல்லிலிருந்து இழையின் நுனிக்குப் பொருட்கள் போகின்றன. மூளைப் பக்கத்து நுனியிலிருந்து செல்லுக்குச் சில பொருட்கள் திரும்பி வருகின்றன. நமக்கு வேண்டியது இந்தத் திரும்பி வரும் சரக்கு.

நரம்பைப் பேணும் புரதங்கள்

இத்தாலியின் டூரின் நகரில் 1909இல் பிறந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி மருத்துவம் படித்தவர். யூதர் என்பதால் முசோலினியின் 1938ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றின. அவர் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழிக்கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று போர்க்காலத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கைத் தொட முடியாத நரம்புச் செல்கள் ஏன் சாகின்றன என்பது அவரைக் குடைந்த கேள்வி. போருக்குப் பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விக்டர் ஹாம்பர்கரோடு சேர்ந்து அதைத் தொடர்ந்தார். இலக்குத் திசு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது கிடைக்கும் நரம்பு வாழ்கிறது, கிடைக்காதது மடிகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஸ்டான்லி கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன் உறவுக்காரப் புரதம் ஒன்று மூளையில் இருப்பதை 1982இல் ஜெர்மனியில் பார்ட், தோனன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஒன்றரைக் கிலோ பன்றி மூளையை அரைத்துப் பிரித்தால் கிடைத்தது சுமார் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதற்கு மூளைவழி நரம்பூட்டக் காரணி என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். மருத்துவர்கள் பி.டி.என்.எஃப். என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். இந்த வகைப் புரதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நரம்பூட்டிகள் என்று அழைக்கலாம்.

கேங்லியான் செல்கள் பிழைத்திருக்கக் குறிப்பாக உதவுவது பி.டி.என்.எஃப். அதன் ஒரு பங்கு விழித்திரையிலேயே உண்டாகிறது. இன்னொரு பங்கு மூளையிலிருந்து நரம்பிழை வழியாக வந்து சேர வேண்டும். பால்டிமோரில் ஹாரி குவிக்லியின் குழு 2000இல் எலிகளின் கண்ணில் அழுத்தத்தை ஏற்றி, அடையாளமிட்ட பி.டி.என்.எஃப். திரும்பி வருவதைக் கவனித்தது. அது பார்வை நரம்பின் தலைப்பகுதியைத் தாண்டி வர முடியாமல் தடைபட்டது.

இங்கிருந்துதான் இந்த அத்தியாயத்தின் யூகம் பிறக்கிறது. ஒரே அழுத்தம் உள்ள இருவரில் ஒருவருக்கு நரம்பூட்டி தாராளமாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் இருந்தால்? அழுத்தமானி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். நரம்பு சாவதோ இரண்டாமவருக்கு.

துளி எங்கிருந்து கிடைக்கும்?

விழித்திரையை வெட்டி எடுத்து அளக்க முடியாது. உயிருள்ள மனிதரிடம் எட்டுவது கண்ணின் முன்னறையில் இருக்கும் தெளிந்த நீர். இதை முன்கண் நீர் என்போம். கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணீர் கண்ணுக்கு வெளியே சுரப்பது. முன்கண் நீர், கண்ணுக்குள் கருவிழிக்கும் வில்லைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிறது. மொத்தமே கால் மில்லிலிட்டர்தான். நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் போலப் புதிதாக ஊறி, அதே அளவு வடிந்து போகிறது. ஆக, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முழுவதும் புதுசாகிவிடும். வடியும் வழி அடைபட்டால்தான் அழுத்தம் ஏறுகிறது.

இதை எடுக்க ஏற்ற நேரம் அறுவை சிகிச்சையின் தொடக்கம். கண்புரைக்கோ கிளாக்கோமாவுக்கோ மேசையில் படுத்திருப்பவரின் கண்ணை எப்படியும் திறக்கத்தான் போகிறார்கள். வேறெந்தக் கீறலும் போடும் முன், கருவிழியின் ஓரத்தில் மிக மெல்லிய ஊசியை நுழைத்து, உள்ளே எதையும் தொடாமல், சுமார் நூறு மைக்ரோலிட்டர் உறிஞ்சுகிறார்கள். உடனே பனிக்கட்டியில் வைத்து, பிறகு மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். நோயாளியின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கியிருப்பார்கள்.

ஒரு துளி எப்படி ஓர் எண்ணாகிறது

நம் ஊரில் டெங்குக் காய்ச்சல் பரவும்போதெல்லாம் காதில் விழும் ‘எலைசா டெஸ்ட்’தான் இங்கேயும். ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மான் இருவரும் 1971இல் வெளியிட்ட முறை இது. கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்களோடு ஒரு மாதிரியைப் பின்தொடர்வோம்.

96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. ஒவ்வொரு குழியின் அடியிலும் பி.டி.என்.எஃப்.ஐ மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கிறது. நோயாளியின் நீரில் 50 மைக்ரோலிட்டரை எடுத்து, அதே அளவு கரைசலில் கலந்து ஒரு குழியில் விடுகிறோம். புரதம் அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாததைக் கழுவி விடுகிறோம். இப்போது இரண்டாவது எதிர்ப்பொருளை விடுகிறோம். அது ஒட்டியிருக்கும் புரதத்தின் மேல்பக்கத்தைப் பிடிக்கும். அதோடு நிறம் உண்டாக்கும் ஒரு நொதியைப் பிணைக்கிறோம். மறுபடி கழுவல். கடைசியில் நிறமில்லாத ஒரு வேதிப்பொருளை விட்டால் நொதி அதை நீலமாக்கும். அமிலம் சேர்த்ததும் நீலம் மஞ்சளாகி நின்றுவிடும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம்.

ஆனால் மஞ்சள் என்பது எண் இல்லையே? அதற்காக அதே தட்டின் வேறு குழிகளில், அளவு தெரிந்த பி.டி.என்.எஃப்.ஐப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே விடுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 500 பிகோகிராம், 250, 125 என்று எட்டுக்கும் கீழே வரை. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். இந்தக் குழிகளின் நிற அடர்த்தியை வரைபடமாக்கினால் அளவுகோல் தயார். நம் நோயாளியின் குழி அந்த அளவுகோலில் 20ஐத் தொடுகிறது என்று கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்திருந்தோம் அல்லவா, ஆகவே அசல் அளவு மில்லிலிட்டருக்கு 40 பிகோகிராம்.

குழியில் விட்ட 50 மைக்ரோலிட்டரில் இருந்தது இரண்டே இரண்டு பிகோகிராம். அதிலும் கிட்டத்தட்ட நாலரைக் கோடி பி.டி.என்.எஃப். மூலக்கூறுகள் இருந்திருக்கும்.

அந்த நாற்பதை நம்பலாமா?

இந்தத் துறையின் உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எண் வந்துவிட்டது என்று மகிழ்வதற்குள் பல சந்தேகங்கள் வரிசையில் நிற்கின்றன.

முதலாவது ரத்தம். பி.டி.என்.எஃப். ரத்தத் தட்டணுக்களுக்குள் ஏராளமாக அடைந்து கிடக்கிறது. ரத்தம் உறையும்போது அது வெளியே கொட்டும். அதனால் உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தில் மில்லிலிட்டருக்கு இருபது, முப்பதாயிரம் பிகோகிராம் வரை சாதாரணமாகவே காணப்படும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் எடுத்த நூறு மைக்ரோலிட்டர் நீரில் மொத்தம் இருந்தது 4 பிகோகிராம். மில்லிலிட்டருக்கு 25,000 என்றால், ஒரு மைக்ரோலிட்டர் சீரத்தில் இருப்பது 25 பிகோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு கலந்துவிட்டாலே இரண்டரை கூடி, 40 என்று வந்திருக்க வேண்டிய அளவு 65 ஆகிவிடும். பற்றாக்குறை உள்ளவர் ஆரோக்கியமானவராகத் தோன்றுவார். ஊசி எதையும் தொடக் கூடாது, முதல் கீறலுக்கு முன்பே எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான்.

இரண்டாவது, அவர் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மருந்து. டிமோலால் சொட்டு, முன்கண் நீர் ஊறுவதைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. புரதம் வந்து சேரும் வேகம் மாறாமல், நீர் மட்டும் குறைந்தால்? ஒரே கை உப்பைக் குறைந்த தண்ணீரில் போட்ட கதைதான். 40 என்பது 60 ஆகத் தெரியும், விழித்திரையில் எதுவும் மாறாமலேயே. கிளாக்கோமா நோயாளிகளில் பெரும்பாலோர் மருந்தில் இருப்பவர்கள், ஒப்பிடப்படுபவர்கள் மருந்து போடாதவர்கள். யாருக்கு என்ன மருந்து என்று பிரித்துப் பார்க்காத ஆய்வை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

யாரோடு ஒப்பிடுவது என்பதும் சிக்கல். நோயில்லாத ஒருவரின் கண்ணில் ஆராய்ச்சிக்காக மட்டும் ஊசி நுழைக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. எனவே கண்புரை அறுவைக்கு வந்தவர்கள்தான் ‘நார்மல்’ குழு. அவர்கள் வயதானவர்கள், பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கும். சர்க்கரையே நரம்பூட்டிகளின் அளவை மாற்றக்கூடியது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பி.டி.என்.எஃப். முதலில் ஒரு நீண்ட முன்வடிவமாகத்தான் உருவாகிறது. பின்னர் வெட்டப்பட்டு முதிர்ந்த வடிவம் ஆகிறது. முதிர்ந்தது, செல்லின் மேல் உள்ள டிரக்-பி என்ற ஏற்பியில் அமர்ந்து, ‘வாழ்’ என்று சொல்கிறது. முன்வடிவமோ பி-75 என்ற இன்னொரு ஏற்பியில் அமர்ந்து செல்லைச் சாவை நோக்கித் தள்ளக்கூடியது. எலைசாவில் பயன்படும் எதிர்ப்பொருள் இந்த இரண்டையும் பிரித்தறியாவிட்டால், காப்பதையும் கொல்வதையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணே நம் கைக்கு வரும்.

இத்தனைக்கும் மேல், கேங்லியான் செல்கள் இருப்பது கண்ணின் பின்புறம். நீர் எடுப்பது முன்புறம். நடுவே வில்லையும் கண்ணை நிரப்பும் கூழ் போன்ற பொருளும் இருக்கின்றன. முன்னால் குறைந்திருப்பது பின்னாலும் குறைந்திருப்பதற்கு அடையாளமா என்பதை விலங்குகளில் இரண்டு இடத்திலும் அளந்துதான் நிலைநாட்ட வேண்டும்.

இதுவரை தெரிந்தது

இவ்வளவு இடர்களுக்கு நடுவிலும் பல குழுக்கள் அளந்திருக்கின்றன. ஈரானில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, சாதாரண அழுத்தக் கிளாக்கோமா உள்ளவர்களின் கண்ணீரில் பி.டி.என்.எஃப். குறைந்திருப்பதாகச் சொன்னது. இத்தாலியக் குழு ஒன்று 2017இல் ரத்தச் சீரத்தில் பி.டி.என்.எஃப்., என்.ஜி.எஃப். இரண்டும் குறைவாக இருப்பதைக் கண்டது. மாஸ்கோவின் ஃபியோதொரொவ் கண் மையத்தில் ஷ்பாக் குழுவினர் முன்கண் நீர், கண்ணீர், சீரம் மூன்றிலும் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். கண்புரை மட்டும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் கிளாக்கோமாவும் சேர்ந்தவர்களிடம் பி.டி.என்.எஃப். குறைவு.

நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே இந்தக் குறைவு தெரிவது என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான சேதி. செல்கள் செத்ததால்தான் புரதம் குறைந்தது என்றால், நோய் முற்ற முற்ற அல்லவா குறைவு கூட வேண்டும்? முன்பே குறைந்திருந்தால், அது காரணத்தின் பக்கம் நிற்கக்கூடும். நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். குழுக்களின் சராசரிகள் வேறுபட்டாலும் தனி ஆட்களின் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன. 40 என்ற எண்ணை வைத்து ‘உங்களுக்குப் பார்வை போகும்’ என்று இன்று எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது.

குறைகிறது என்றால் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். எலிகளின் கண்ணில் பி.டி.என்.எஃப். செலுத்தினால் கேங்லியான் செல்களின் சாவு தள்ளிப்போகிறது, நின்றுவிடுவதில்லை. செல்லில் ஏற்பிகளும் குறைந்துபோனால் புரதத்தைக் கொட்டி என்ன பயன்? என்.ஜி.எஃப். சொட்டு மருந்தாகவே வந்துவிட்டது. கருவிழியின் உணர்வு நரம்பு பாதிக்கப்பட்டு ஆறாத புண் உண்டாகும் நோய்க்கு அது 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதே மருந்தை ஸ்டான்ஃபோர்டில் 60 கிளாக்கோமா நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பாதுகாப்பாக இருந்தது. பார்வையில் புள்ளியியல்படி உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் அது பாதுகாப்பைச் சோதிக்கவே நடந்த சிறிய, குறுகிய காலச் சோதனை.

அளவீடு இங்கேதான் மறுபடி தேவைப்படுகிறது. நரம்பூட்டி யாருக்குக் குறைவோ அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை காணும் ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓரளவு சொல்லலாம். அறுவையன்று எடுத்த துளியை உறைய வைத்து, யார் என்ன மருந்தில் இருந்தார் என்று குறித்து, முதிர்ந்த வடிவத்தையும் முன்வடிவத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். பிறகு அந்த எண்ணை மருத்துவருக்குக் காட்டாமல், அதே மனிதர்களின் பார்வைப்புலத்தை ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். முன்கண் நீரை அடிக்கடி எடுக்க முடியாது என்பதால், அதே நாளில் வடிகட்டும் தாளில் கண்ணீரையும் சேகரித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். ஒத்துப்போனால், அடுத்த பரிசோதனையிலிருந்து ஊசியே இல்லாமல் வருடாவருடம் அளக்கலாம்.